பின்னால் போகச் சொன்ன பட்டன்

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செம்மொழி இரண்டு வரி படிப்பதற்குள் திரை ஒரு கணம் கறுத்து வெளுத்து இருநூற்றுப் பதினொன்றைக் காட்டியது. அவள் புருவத்தைச் சுருக்குவதற்குள் மறுபடியும் கறுத்து வெளுத்து இருநூற்றுப் பத்துக்குப் போய், அங்கே ஒன்றும் தெரியாததுபோல் சும்மா நின்றது. அவள் கை அதில் படவே இல்லை. வலது கையில் டீ டம்ளர் இருந்தது, இடது கை தாடையைத் தாங்கியிருந்தது, இ-ரீடர் மேசைமேல் கிடந்தது. மதியத்திலிருந்து இது மூன்றாவது தடவை.

முதல் தடவை தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை கரண்டைத் திட்டினாள். பாவம், அது காலையிலேயே போய்விட்டிருந்தது. மூன்றாம் தடவை திட்ட யாரும் அகப்படாததால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சாமானையே முறைத்தாள்.

வெளியே ஐப்பசி மழை. மணி மூன்றுதான் ஆகியிருந்தது என்றாலும் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கூடத்தில் கொட்டிப் பரப்பியிருந்த குறுவை நெல்லிலிருந்து ஈரமும் புழுக்கமும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல் அது. மிச்சக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்க அப்பா இராஜாங்கம் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா ரெங்கம்மாள், அவர்கள் தெருவிலிருந்த பழைய வீட்டிலேயே இருந்தாள். இந்த வீட்டை வாங்கி எட்டு மாதம் ஆகியும் அவள் ஒரு ராத்திரிகூட இங்கே படுத்ததில்லை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்த ஊரில் இதற்குப் பண்ணை வீடு என்றுதான் இன்றைக்கும் பெயர். செம்மொழியின் தாத்தா இங்கே பண்ணையாளாக இருந்தவர். முன்வாசல் வழியாக ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. செத்துப்போன ஆண்டையின் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து விலை பேசியபோது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி புகழேந்தி, மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் போட்டான். ஆண்டை உட்கார்ந்து பண்ணையம் பார்த்த முன்னறையை எனக்குப் படிக்கக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள் செம்மொழி. அவருடைய தேக்கு மேசையையும் அவள் வெளியே போடவிடவில்லை. அதன்மேல் சட்டம் படிப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை தஞ்சாவூரில் உரிமையியல் நீதிபதித் தேர்வு. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி முறை. இன்று வியாழன். நில உரிமைச் சட்டங்கள் முழுவதும் பாக்கி, அதில் முதல் அத்தியாயமே இந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கியது. பண்ணையாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்கிற சட்டம். அந்த அத்தியாயத்தைத்தான் திரை அவளுக்குக் காட்ட மாட்டேன் என்றது.

அலைபேசியை எடுத்து ஃபாஜிலைக் கூப்பிட்டாள். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவன். தம்பி வாங்கிவந்த இந்த இ-ரீடரில் சட்டப் புத்தக ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். வலது ஓரத்தில் இரண்டு பட்டன்கள். மேலே இருப்பது முந்தைய பக்கம், கீழே இருப்பது அடுத்த பக்கம். ஆனால் இந்த ஆப்பில் முதலில் இரண்டுமே வேலை செய்யவில்லை. அமுக்கினால் பக்கம் திரும்புவதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு வந்து நின்றது.

"பட்டன் தானா பக்கத்தைத் திருப்பாதுக்கா. என்னை அமுக்குனாங்கன்னு சேதி மட்டுந்தான் சொல்லும். அந்தச் சேதிய ஆப் காது குடுத்துக் கேக்கணும். கேக்கலன்னா, யாரோ சவுண்டு கூட்டுறாங்கன்னு மெஷின் நெனச்சுக்கும்" என்று அன்றைக்கு அவன்தான் விளக்கி, ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் ஒலிப் பட்டனால் பக்கம் திருப்பு என்கிற வரியில் டிக் போட்டுக் கொடுத்தான்.

இப்போது விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "நெல்லு கொட்டி வச்சிருக்கீங்கள்லக்கா? சுணை போயிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால தேச்சு விடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. நெல்லின் சுணை, அந்த அரிக்கிற தூசி, நுழையாத இடம் உண்டா? சட்டைக்குள், கண்ணுக்குள், சோற்றுக்குள் என்று எங்கும் போகிற பண்டம் பட்டனுக்குள் போகாதா. பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, புடவைத் தலைப்பால் துடைத்தாள். இருநூற்றைந்துக்குப் போய் வேண்டுமென்றே மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றும் தாண்டிப் பன்னிரண்டு வந்தது. தலைப்பைப் படித்தாள். முதல் வரியைப் படித்தாள்.

கறுத்து வெளுத்தது. கறுத்து வெளுத்தது. இருநூற்றுப் பத்து.

"அக்கா, பட்டனைச் சோதிக்கிற ஆப் ஒண்ணு அதுல போட்டு வச்சிருக்கேன், அதைத் தொறங்க" என்றான் ஃபாஜில், அவள் மறுபடி கூப்பிட்டபோது. "எந்தப் பட்டன் எப்ப இறங்குச்சு, எப்ப எந்திரிச்சுதுன்னு வரி வரியா எழுதிக் காட்டும். மேசையில வச்சிட்டுக் கையை எடுத்துருங்க. புத்தக ஆப்புல கோளாறுன்னா இதுல ஒண்ணுமே வராது."

திறந்தாள். வெறும் வெள்ளைத் திரை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் முற்றத்தில் விழும் சத்தமும், கூடத்து நெல்லுக்குள் எங்கேயோ எலி ஒன்று கொறிக்கும் சத்தமும், அவள் மூச்சும் மட்டும் கேட்டன. இரண்டு நிமிடம் போனது. ஒன்றும் வரவில்லை. இதில் அந்தப் பக்கம் இல்லையே, அதனால்தான் வரவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. நான்கு தடவை படித்து மனதில் நின்றுவிட்ட அந்தச் சட்டத்தின் முதல் வரியை வாய்விட்டுச் சொன்னாள்.

மேல் பட்டன் இறங்கியது.

கண்ணெதிரே இறங்கியது. பட்டன் மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே அமுங்கியது. பிறகு எழுந்தது. மறுபடி அமுங்கியது. எழுந்தது. திரையில் நான்கு வரிகள் விழுந்தன. மேல் பட்டன், அமுக்கியது. விட்டது. அமுக்கியது. விட்டது.

"ஃபாஜில், இந்தச் சுணை..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். வந்திருந்த வரிகளை அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

அந்தப் பக்கம் அவன் சிரிக்கவில்லை. "சுணைன்னா பட்டன் சிக்கிக்கிட்டு நிக்கும்க்கா. இப்படி விட்டு விட்டு அமுக்காது." குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பக்கத்துல யாருக்கா இருக்கா?"

"யாருமில்ல."

"வெளிய வந்துருங்கக்கா."

அவள் வெளியே வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவைக் கூப்பிடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ரெங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை தடவை அமுக்குச்சு?"

"ரெண்டு. எப்பவும் ரெண்டு."



"அந்த ஆண்டை நம்ம ஆளுங்ககிட்ட வாய் தொறந்து பேச மாட்டாருடி" என்றாள் ரெங்கம்மாள். "பேசுனா வாய் தீட்டாயிருமாம். மேசையில மணி ஒண்ணு வச்சிருந்தாரு. மேல குமிழ் மாதிரி இருக்கும், அமுக்குனா டிங்குன்னும். ஒரு தடவை அமுக்குனா, கிட்ட வா. ரெண்டு தடவை அமுக்குனா, பின்னால போ. மனையை எங்க பேருக்கு எழுதிக் குடுங்கன்னு உங்க தாத்தா வந்து நின்னாருல்ல, அன்னைக்கு ஆண்டை ரெண்டு ரெண்டா அமுக்கிக்கிட்டே இருந்தாராம். தாத்தா பின்னால போயி, பின்னால போயி, கொல்லைக்கு வெளிய மழையில போயி நின்னாரு. நீ எந்திரிச்சு வாம்மா. படிப்பை இங்க வந்து படிச்சுக்க."

"வந்தா?"

"வந்தா என்னடி? உசுரு பெருசில்லையா?"

"வந்தா நானும் பின்னால போனதா ஆயிரும்மா."

அலைபேசியை வைத்துவிட்டாள். பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் பயத்துக்கு அடியில், அதைவிடச் சூடாக வேறொன்று கிளம்பி வந்துகொண்டிருந்தது. மழையில் நின்ற அந்த மனிதரை அவளுக்கு ஒரே ஒரு புகைப்படத்தில்தான் தெரியும். அதில்கூட அவர் ஓரத்தில்தான் நின்றிருந்தார்.

எரிச்சலோடு ஆப்பின் அமைப்புகளைத் திறந்தாள். மேல் பட்டன் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருந்தன. முந்தைய பக்கம். அடுத்த பக்கம். எதுவுமில்லை. எதுவுமில்லை என்று போட்டுவிட்டால் அது எத்தனை அமுக்கினாலும் சேதி சுவரில் முட்டி விழும், இவள் பாட்டுக்குத் திரையை விரலால் தள்ளிப் படித்துக்கொள்ளலாம். புத்திசாலி அதைத்தான் செய்வாள். செம்மொழியின் விரலும் அதன்மேல் போய் நின்றது. பிறகு நகர்ந்தது.

அடுத்த பக்கம் என்பதைத் தொட்டாள். இப்போது இரண்டு பட்டனும் ஒரே திசை. மேலே அமுக்கினாலும் முன்னால், கீழே அமுக்கினாலும் முன்னால். பின்னால் போக அந்தப் பட்டன்களில் வழியே கிடையாது.

இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தாள். நீதிமன்றத்தில் படிக்கிற குரலில் உரக்கப் படித்தாள்.

மேல் பட்டன் அமுங்கியது. கறுத்து வெளுத்து, இருநூற்றுப் பதின்மூன்று. மறுபடி அமுங்கியது. பதினான்கு.

செம்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அது யார் சிரிப்பு என்று அவளுக்கே ஒரு கணம் திக்கென்றது. "அமுக்குய்யா" என்றாள். "நல்லா அமுக்கு. எனக்குப் பக்கம் திருப்புற வேலை மிச்சம்."

அமுக்கியது. ரப்பர் உறை நசுங்கி நசுங்கி எழுந்தது. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. பக்கங்கள் கறுப்பும் வெளுப்புமாக ஓடின. இருபது, இருபத்திரண்டு, முப்பது. குத்தகைச் சட்டம் வந்தது, உச்சவரம்புச் சட்டம் வந்தது. அவள் ஒவ்வொரு தலைப்பையும் கண்ணில் பட்டவுடன் உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வேகமாக அமுக்கியது, அது அமுக்க அமுக்க அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

திடீரென்று நின்றது.

நெல் வாடை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் மூக்குப்பொடி வாடை. எலி கொறிப்பது நின்றிருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம், நாற்காலியே இல்லாத இடத்தில், நாற்காலி இழுபடும் சத்தம் மெல்லக் கேட்டது.

அவள் திரையை விரலால் தள்ளி இருநூற்றுப் பன்னிரண்டுக்கே வந்தாள். முதலிலிருந்து ஒழுங்காகப் படிக்க வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது.

இ-ரீடரின் மேல் விளிம்பில் இருந்த பவர் பட்டன் இறங்கியது.

அணைக்கவா என்று திரை கேட்டது. அவள் வேண்டாம் என்பதைத் தொட்டாள். மறுபடி இறங்கியது, இந்த முறை எழவில்லை. அமுங்கியபடியே நின்றது. பவர் பட்டன் எந்த ஆப்பின் காதுக்கும் போகாது. பத்து நொடி பிடித்தால் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதை மாற்றியமைக்க அமைப்புகளில் இடம் கிடையாது. திரை ஓரம் கறுக்கத் தொடங்கியது.

செம்மொழி தன் ஆள்காட்டி விரலை அந்தப் பட்டனுக்கு அடியில் நகத்தோடு நுழைத்து நெம்பினாள். விரல் சில்லிட்டது. நெம்பினாள். பட்டன் எழுந்தது. உடனே உறையில் பட்டனுக்காக இருந்த துளைக்குக் குறுக்கே விரலை வைத்து மூடினாள்.

விரலின்மேல் விரல் வந்து உட்கார்ந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய நகம் மட்டும் வெளுத்தது. எலும்பு வலித்தது. அழுத்தியது. வயதான, பருத்த, சோம்பேறியான விரல். அவசரமே இல்லாத அழுத்தம். அவள் விரலை எடுக்கவில்லை. பண்ணையாள் குடியிருக்கும் மனை என்று படித்தாள். குரல் நடுங்கியது. நடுங்கிய குரலிலேயே படித்தாள். நகத்தின் ஓரத்தில் ரத்தம் கசிந்து உறையில் இறங்கியது.

அடுத்த பக்கத்துக்கு வலது கட்டைவிரலைப் பட்டனில் வைத்தாள். அதன்மேலும் ஒரு கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது. அழுத்தத்தையும் சேர்த்தே அமுக்கினாள். பக்கம் திரும்பியது.

வாசலில் அம்மாவின் குரல். மழைக்குள்ளிருந்து. "செம்மொழி! எந்திரிடி!"

"வரல."

மணிக்கட்டில் தோல் குழிந்தது. ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொரு பள்ளம். முழங்கையில் ரெண்டு. தோளில் ரெண்டு. ஒவ்வொன்றும் வெளுத்து, கறுத்து, மேலே மேலே ஏறியது. குமிழ் எங்கே என்று தேடுகிற மாதிரி.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. எதிரே பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன வந்திருந்தாலும் அது காத்திருக்கட்டும்.

கழுத்தில் ரெண்டு.

தொண்டைக்குழி உள்ளே அமுங்கியது. எழவில்லை. குரல் அறுந்தது. காற்றும் நின்றது. திரையில் ரத்தம் சொட்டிய இடத்துக்குக் கீழே எழுத்து தெளிவாகவே இருந்தது. செம்மொழி உதட்டை மட்டும் அசைத்து, அடுத்த வரியைப் படித்தாள்.