இருபத்திரண்டு பேருக்கு ஒரே கட்டைவிரல்

மூன்று நாள் பூட்டிக் கிடந்த சலவைப் பிரிவைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியக்காதான் திறந்தாள். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு அடியில், பதினாறு படி இறங்கிப் போக வேண்டிய நீளமான கூடம் அது. சன்னல் கிடையாது. சுவரோரம் ஆறு சலவை இயந்திரங்கள், நடுவில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை, கடைசியில் மடிப்பு மேசை. எப்போதும் நீராவியில் வியர்த்திருக்கும் சுவர்கள் அன்று காய்ந்து சில்லிட்டுக் கிடந்தன. பிளீச்சிங் பவுடர் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல வந்தது. முகப் பவுடர்.

விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மடிப்பு மேசைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எரிந்தது.

அங்கே வேலை பார்க்கும் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. மேற்பார்வையாளர் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளைச் சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருபத்திரண்டு. நாலு மணிக்கு மடிப்பு மேசை ஓரம் சுருட்டை சரிந்து விழுந்தாள். முப்பத்தாறு வயது. சுருள்முடியால் அந்தப் பேர் வந்தது. கையில் வேர்க்குரு வராமலிருக்கப் பவுடரை அள்ளிப் பூசிக்கொள்வாள். தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். இதய மருத்துவர் இரண்டு மாடி தள்ளித்தான் இருந்தார். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் துக்கத்துக்காகப் பிரிவை மூன்று நாள் மூடி, துணியை வெளியே துவைக்கக் கொடுத்தார்கள்.

பெரியக்காவின் சின்ன அறையில் ஆளுக்கொரு குழியாகப் போன் வைக்கும் மர அடுக்கு இருந்தது. ஒருமுறை யாரோ ஒருத்தியின் போன் விரிப்புகளோடு கொதிநீரில் சுற்றி, துவைத்துப் பிழிந்து வெளியே வந்தது. அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் போனை அடுக்கில் வைத்துவிட வேண்டும் என்று சட்டம். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் எடுத்துச் சொல்ல வேண்டுமே என்று எல்லாருடைய பூட்டு எண்ணையும் பெரியக்கா வாங்கி வைத்திருந்தாள். பதினாலாவது குழியில் சுருட்டையின் போன் இன்னும் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று நிர்வாகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. தினமும் காலை பத்து மணிக்குப் போன் மணியடிக்கும். கேமரா மேல் கட்டைவிரலை ஒரு நிமிடம் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து நாடித்துடிப்பை எண்ணும். துடிப்பு எகிறினால் எச்சரிக்கும், மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும். நல்ல யோசனைதான். ஆனால் பத்து மணி என்பது வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்பு மலை மாதிரி வந்து குவிகிற நேரம். ஈரக்கையோடு இருபத்தொரு பேரும் வந்து வரிசையில் நின்றால் உருளை விரிப்பில்லாமல் காயும், வேலை நாறிப்போகும்.

அதனால் பெரியக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு போனாகத் திறந்து தன் கட்டைவிரலையே வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு இதயமும் முடிந்துவிடும்.

"காலைல விரல் வச்சுப் பூட்டு திறக்கறீங்கல்ல, அதுலயே அது கணக்கெடுத்துக்கும்டி" என்று அவர்களிடம் வாய்கூசாமல் சொன்னாள். நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியிலேயே அமைதியான பிரிவு என்று அவர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது பெரியக்கா பல் தெரியச் சிரித்த படம் அறைச் சுவரில் தொங்கியது.

அந்தப் படத்துக்குக் கீழேதான், போன செவ்வாய்க்கிழமை, சுருட்டை வந்து நின்றாள்.

"பெரியக்கா, ரெண்டு நாளா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மேல போய் டாக்டரப் பாத்துட்டு வரட்டா?"

அன்றைக்கு இரண்டு பேர் விடுப்பு. பெரியக்கா பதினாலாம் குழியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள்.

"இங்க பாரு, எழுபத்திரண்டு. உன் இதயம் அமைதியா இருக்குன்னு அதுவே சொல்லுது. உனக்கு ஒண்ணுமில்ல, போ."

சுருட்டை அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் பெரியக்காவுக்கு உடம்பு கூசிச் சுருங்கியது. அந்த நேரத்தில் அது என் நாடி என்று எனக்கே ஞாபகம் இல்லை, ஏதோ பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன் என்று மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை.

எட்டு மணிக்கு மற்றவர்கள் வந்து, போனை அடுக்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பத்து மணி ஆயிற்று. போன்கள் ஒரே குரலில் மணியடித்தன.

பதினாலாவதும் அடித்தது.

நாலு நாளாகச் சார்ஜ் போடாத போன். பெரியக்கா அதையே பார்த்தாள். திரை தானாக வெளிச்சமாயிற்று. பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்து மரக்குழிக்குள் பரவியது. விரல் வைத்தால் எப்படி மங்குமோ அப்படி மங்கியது.

எண்கள் ஏறத் தொடங்கின. தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று முப்பத்தொன்று.

அங்கே நின்றது.

அவள் தன் போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். எழுபதோ எழுபத்திரண்டோ காட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நூற்று முப்பத்தொன்று. அடுத்த போன். அதே எண். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய நாடி நிதானமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கட்டைவிரல் நுனியில் மட்டும் ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை.

பவுடர் வாசனை பிடரி வரைக்கும் வந்தது.

அப்படியே எழுந்து இரண்டு மாடி ஏறி மருத்துவரிடம் போனாள். அவர் கருவியைக் கட்டி, தாளை உருவி, சிரித்தார்.

"எழுபத்திரண்டும்மா. உங்க இதயம் அமைதியா இருக்கு. ஒண்ணுமில்ல, போங்க."

பெரியக்கா, சுருட்டையிடம் தான் சொன்ன வார்த்தையைத் தன் காதால் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குச் சுருட்டையின் கணவன் வந்தான். பேருந்து ஓட்டுநர். சீருடைச் சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது, கண் வீங்கியிருந்தது. மனைவியின் போனை வாங்கிப்போக வந்திருந்தான்.

"அதுல பொண்ணோட படமெல்லாம் இருக்கு அக்கா" என்றான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"உங்களுக்கு ரொம்ப நன்றிக்கா. செவ்வாய்க்கிழமையே அவகிட்ட, லீவு போடறேன், டாக்டர்கிட்ட போலாம்னேன். பெரியக்கா போன்ல பாத்துட்டாங்க, எழுபத்திரண்டுதானாம், ஒண்ணுமில்லையாம்னு சொன்னா. நானும் விட்டுட்டேன். தரதரன்னு இழுத்துட்டாவது போயிருக்கணும். கொன்னுட்டேன் அக்கா, நானே அவளக் கொன்னுட்டேன்."

அறைக்குள் மூச்சு வாங்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. அவனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. பெரியக்கா சும்மா இருந்தால் போதும். ரெண்டு ஆறுதல் வார்த்தை சொன்னால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். காலமெல்லாம் அந்தப் பழியை அவனே சுமப்பான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"அது அவ நாடி இல்லப்பா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். எட்டு மாதக் கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சுவரில் தொங்கிய தன் சிரிப்பைக் கழற்றி எறிய வேண்டும்போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் செருப்பைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

அவன் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தான்.

"அவகிட்ட எழுபத்திரண்டுன்னு காட்டுனீங்களே. அப்ப ஞாபகம் இருந்துச்சா, அது உங்களோடதுன்னு?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பின்னால் மூச்சு நின்றது. சுவர்கூடக் காது கொடுத்துக் கேட்பதுபோல் அப்படி ஒரு நிசப்தம்.

"இருந்துச்சு" என்றாள் பெரியக்கா. "நல்லா ஞாபகம் இருந்துச்சு. ரெண்டு பேர் லீவு. அவளும் போயிட்டா வேலை நிக்கும்னுதான்..."

அவன் திட்டவில்லை, கை ஓங்கவும் இல்லை. ஓங்கியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இத மேல ஆபீஸ்ல சொல்லுங்க. எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினான்.

எழுதினாள். எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கூடத்துக்கு வந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னாள். உருளை முனகிக்கொண்டே ஓய்ந்தது.

"கையத் தொடச்சுக்கிட்டு வந்து நில்லுங்கடி. அவங்கவங்க போன எடுத்துக்கோங்க, அவங்கவங்க விரல வைங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

"என்னக்கா, உருளை காயுமே?" என்றாள் ஒருத்தி.

"காயட்டும்."

வரிசையாக வந்தார்கள். பெரியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, தலைகுனிந்தபடி, அவர்கள் நீட்டிய திரையைப் பார்த்து நோட்டில் எழுதினாள். அறுபத்தெட்டு. எண்பத்தொன்று. எழுபத்தைந்து. ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தது. இத்தனை வேறு வேறு உயிர்களை ஒரே எண்ணுக்குள் அடைத்தோமே என்று நினைத்துக்கொண்டாள். இருபது பேர் முடிந்தார்கள். கடைசியாகத் தன் போனைத் திறந்து மடியில் வைத்தாள்.

விரல் வைக்கப் போகும்போது குறுக்கே இன்னொரு கட்டைவிரல் வந்து கேமராவில் பதிந்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்.

"உன் போன்ல சார்ஜ் இல்லையாடி?" என்றாள் நிமிராமலே. யாரோ ஒருத்தி வரிசையில் விட்டுப்போயிருக்கிறாள் என்று நினைத்தாள்.

எண் கடகடவென்று ஏறியது. எழுதப் போன பேனா நின்றது. இந்தத் தடவை அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அய்யோ, ரொம்ப அடிக்குதே. வேலையெல்லாம் கெடக்கட்டும். வா, இப்பவே மேல டாக்டர்கிட்ட போலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். ஈரமான ஒரு கை அதை இறுகப் பற்றிக்கொண்டது.

பெரியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரில் யாரும் இல்லை. இருபது பெண்களும் சுவரோரம் இயந்திரங்களை ஒட்டி நின்றுகொண்டு, வெறுங்காற்றில் நீண்டிருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கை அவளை மெதுவாகப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தது.