குப்பைத் தொட்டியில் ஆழ்கடல் நத்தை

ஞாயிறு, பிற்பகல் 2.20.

மோகனா போட்ட அலறலில், வாசல் கூடாரத்தில் உண்ட மயக்கத்தோடு சாய்ந்திருந்த நான்கு ஆண்களும் விழுந்தடித்துச் சமையற்கட்டுக்கு ஓடினார்கள். குளிர்பெட்டியின் மேல் கதவு திறந்து கிடந்தது. அவள் கையில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. டப்பா காலி.

"என் நத்தை எங்கே?"

நால்வரும் காலி டப்பாவை எட்டிப் பார்த்தார்கள்.

மோகனா ஆழ்கடல் உயிர்களை ஆராய்கிறவள். இந்தியப் பெருங்கடலில் மூன்று மாதம் கப்பலில் சுற்றிவிட்டு, கெமாஸ் தாண்டி புக்கிட் செராய் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் மணியம் வீட்டுக்கு நேற்றுதான் வந்திருந்தாள். உறைய வைத்துக் கொண்டுவந்த நத்தை அந்த டப்பாவில்தான் இருந்தது. உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத நத்தை. திங்கள் காலை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"குப்பையைக் கொட்டுங்கண்ணே!" என்றாள்.

மணியம் லோரி ஓட்டுகிறவர், முரட்டுக் கை. ஒரே தூக்கில் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். மதியம் எல்லாரும் தின்று போட்ட சிப்புட் ஓடுகள் சலசலவென்று கொட்டின. சிப்புட் என்பது கழிமுகச் சேற்றில் கிடைக்கும் நீளமான கூம்பு நத்தை. அதைச் சந்தான் என்கிற தேங்காய்ப்பாலில் மஞ்சளும் சிலி பாடி மிளகாயும் போட்டு மாசாக் லெமாக் குழம்பு வைப்பதில் மணியத்தின் மனைவி செல்லம்மாவை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. பழுப்பு ஓடுகளுக்கு நடுவே, மஞ்சள் குழம்பு பூசிய ஒரு கறுப்பு ஓடு உருண்டு வந்தது.

மோகனா அதை எடுத்தாள்.

"இதேதான். நுனி வரைக்கும் ஒரு கீறல் படாம கடலடியிலேர்ந்து கொண்டுவந்தேனே!"

பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் கால்வாய்க்கு ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. விருந்துக்கு வந்திருந்த போலீஸ் சார்ஜன் தர்மராஜ் தன் தொந்தியை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்று தட்டு சாப்பிட்டிருந்தார் மனுஷர்.

"ஐயையோ, நான் சமைச்சிட்டேனா?" செல்லம்மா தலையில் கை வைத்தாள். "சந்தான் பாக்கெட் எடுக்க மேல் கதவைத் திறந்தேனே. கை தவறி இதையும் போட்டுட்டேனா?"

"படிப்புதான் இல்ல, கண்ணுமா இல்ல அண்ணி?"

சொல்லக் கூடாத சொல். செல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழக்கூட இல்லை. மணியம் தங்கையை அடிக்கப் போகிறவர் போலக் கையை ஓங்கி, பாதியில் இறக்கினார்.

2.40.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் தர்மராஜ். விடுமுறை நாள்தான், ஆனால் போலீஸ் புத்திக்கு ஏது விடுமுறை? "மோகனா, கோவிச்சுக்காத. ஒரு நத்தைக்கா இவ்வளவு அழுகை?"

"சார்ஜன், கடலுக்கு அடியில மலைத்தொடர் இருக்கு. வெயிலே போகாத ஆழம். அங்க ஒரு இடத்துல பாறை வெடிச்சு, கரும்புகையாட்டம் கொதிதண்ணி வருது. அதைச் சுத்தி நண்டு, மட்டி, புழுன்னு ஒரு ஊரே வாழுது. மொத்தம் நம்ம ஸ்கூல் பாடாங் மைதானம் அளவுதான். இந்த நத்தை உலகத்துல வேற எங்கயும் இல்ல. அந்தப் பாறையில செம்பும் தங்கமும் இருக்குன்னு தோண்ட வர்றாங்க. மாசக் கடைசியில உலகக் குழு கூடுது. அதுக்குள்ள நத்தைக்குப் பேரு பதிவாயிட்டா அந்த இடத்துல கை வைக்க முடியாது."

"பேரு வைக்க நத்தை கையில இருக்கணும், அதானே?"

"ஆமா. முழுசா வளர்ந்தது எங்களுக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான். வெந்துபோனதை வெச்சு என்ன செய்ய? ஓட்டு மேல இருக்கிற படலம் போயிருக்கும், சதையும் போச்சு. நானே அதைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன்!" அவள் முகத்தைப் பொத்தி அழுதாள்.

அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான் விக்னேஸ்வரன். சிரம்பான் ரஹாங்கில் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, பாறை ஆய்வாளன், அதே கப்பலில் போனவன். தைப்பூசம் கழிந்து இருவருக்கும் கல்யாணம். "விடு மோகனா. அண்ணி வேணும்னு செய்யல. ஆக்சிடெண்ட்லா. அடுத்த வருஷம் மறுபடி போலாம்."

"அடுத்த வருஷம் அங்க தோண்டிட்டு இருப்பாங்க விக்கி."

தர்மராஜ் செல்லம்மா பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, சிப்புட்டை யாரு சுத்தம் பண்ணது?"

"நான்தான் அண்ணே. ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில ரெண்டு கிலோவையும் ஒண்ணு விடாம பிளையர் போட்டேன். பாருங்க, கட்டைவிரல்ல கொப்புளம். அப்பகூட இந்தக் கறுப்பன் என் கண்ணுல படலையே!"

"சந்தான் எப்போ எடுத்த?"

"அதுக்கு அப்புறம். நேரா சட்டியில ஊத்தினேன்."

தர்மராஜ் எழுந்தார். கறுப்பு ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தை வாய்ப்பகுதிக்குள் விட்டுச் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"நாம வெளிய சாப்பிட்டப்போ உள்ள யாரு வந்தது?"

"ஐஸ் எடுக்க நான் வந்தேன் சார்ஜன்" என்றார் ரவிச்சந்திரன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "கீழ தரையில ஐஸ் பெட்டியிலேயே இருந்துச்சு. எடுத்தேன், போயிட்டேன்."

"மாப்ள இங்கயேதான் சாப்பிட்டாரு" என்றார் மணியம். "அவருக்குச் சைவம். வாடை ஆகாதுன்னு நான்தான் சாம்பாரை இங்க வெக்கச் சொன்னேன்."

"நல்ல வேளை தம்பி, நீங்க ஒருத்தர்தான் அந்தப் பாவத்துல சேரல" என்றார் தர்மராஜ். "புது வேலை கெடச்சிருக்காமே?"

"ஆமா அங்கிள். சிங்கப்பூர்ல. கடல் சர்வே."

"நல்லது, நல்லது. ஆமா, இந்தச் சிப்புட்டை எப்படித் திங்கிறாங்க, பார்த்திருக்கீங்களா?"

விக்னேஸ்வரன் லேசாகச் சிரித்தான். "டூத்பிக்ல குத்தி வெளிய எடுப்பாங்க. அதானே?"

தரையில் உட்கார்ந்திருந்த செல்லம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"தம்பி" என்றார் தர்மராஜ், "சிப்புட்டைக் குத்தித் தின்ன ஆளை இந்தத் தோட்டத்துல நான் பார்த்ததில்ல. உறிஞ்சணும். உறிஞ்சினா காத்துப் போக வழி வேணும்ல? அதுக்குத்தான் சமைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் பிளையரால வாலை நறுக்குவாங்க. தங்கச்சி விரல்ல கொப்புளம் அதனாலதான்." அவர் தரையிலிருந்து ஒரு கை ஓடுகளை அள்ளி மேஜையில் கொட்டினார். அத்தனையும் வால் போன ஓடுகள். பக்கத்தில் கறுப்பு ஓட்டை வைத்தார். ஊசி மாதிரி நுனி, அப்படியே இருந்தது.

"கடைசி நிமிஷத்துல சட்டியில விழுந்திருக்கலாமே!" என்றான் விக்னேஸ்வரன்.

"விழுந்திருந்தா உள்ள மஞ்சள் ஏறியிருக்கும். வெளிய மட்டும்தான் குழம்பு. உள்ள சுத்தம். இது சட்டியையே பார்க்கல. யாரோ சதையை நோண்டி எடுத்துட்டு, ஓட்டு மேல குழம்பைத் தடவிக் குப்பையில போட்டிருக்காங்க. வால் வெட்டணும்னு தெரியாத யாரோ. இங்க சிப்புட் திங்காத ஆளு ஒருத்தர்தான்."

"ஓட்டை எதுக்குக் குப்பையில போடணும்?" மணியத்துக்கு இன்னும் பிடிபடவில்லை.

"காணாமப் போனா தேடுவாங்க. தின்னாச்சுன்னு தெரிஞ்சா அழுதுட்டு விட்டுடுவாங்க. பழியும் உன் பொண்டாட்டி தலையில."

மோகனா விக்னேஸ்வரனின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்தாள். "விக்கி, இல்லேன்னு சொல்லு."

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"அந்தச் சர்வே எங்க விக்கி?"

"அதே இடம்தான்." அவன் தரையைப் பார்த்தான். "சைன் பண்ணிட்டேன். நத்தைக்குப் பேரு வந்தா தோண்டுற பிளாக்கையே மூடிடுவாங்க, வேலையும் போயிடும். நமக்காகத்தான் மோகனா. வீடு, கல்யாணம்..."

"சதை எங்கே?"

"தண்ணியில இளக வெச்சு நோண்டி, டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணிட்டேன்."

மணியம் அவன் சட்டையைப் பிடித்தார். தர்மராஜ் நடுவில் புகுந்தார். மோகனா மேஜை மேலிருந்த கறுப்பு ஓட்டையே பார்த்தாள். கொதிநீர் ஊற்றை முதன்முதலில் திரையில் பார்த்தபோது இவன்தானே பக்கத்தில் நின்று கண் கலங்கினான்! அதே கையா டூத்பிக் பிடித்தது?

திடீரென்று அவள் நிமிர்ந்தாள். "சார்ஜன், வாலை நறுக்காம குத்தி எடுத்தா என்ன ஆகும்?"

"முழுசா வராது. பாதியில அறுந்து, மிச்சம் நுனியிலேயே நிக்கும்."

அவள் ஓட்டைப் பறித்து, கைப்பேசி விளக்கை அதன் பின்னால் பிடித்தாள். மெல்லிய ஓட்டின் கடைசிச் சுற்றுகளுக்குள் நிழலாக ஏதோ தெரிந்தது. வேகாத பச்சைச் சதை. மரபணுச் சோதனைக்கு அது போதும். பெயர் பதிவதற்கு நுனி உடையாத ஓடு போதும்.

"இருக்கு!" என்று கத்தினாள். "அண்ணே, ஐஸ்! சீக்கிரம்!"

3.15.

நத்தை மறுபடி ஐஸில் ஏறியது. தர்மராஜ் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"புகார் கொடுக்கிறியாம்மா? யோசிச்சுச் சொல்லு. கட்டிக்கப் போறவன்."

"கொடுக்கிறேன். கட்டிக்கப் போறதில்ல."

விக்னேஸ்வரன் தலையைக் குனிந்தபடி காரில் ஏறினான். கார் செம்பனை மரங்களுக்குள் மறையும்வரை மோகனா நின்றாள். பிறகு சமையற்கட்டுக்குத் திரும்பினாள். செல்லம்மா தரையில் சிதறிய ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் சொன்னது..."

"விடு மோகனா. கை தவறிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். நீ நம்பினதுல என்ன இருக்கு?"

அதைக் கேட்ட பிறகுதான் மோகனா உடைந்து அழுதாள். இந்த முறை நத்தைக்காக அல்ல.