உச்சந்தலையில் முளைத்தது

அலிப்பூரில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது அந்த கிளினிக். மழை ஓய்ந்த பிற்பகல். பாசி வாடையும் ஸ்பிரிட் நெடியும் கலந்து கிடந்த படிக்கட்டில் கிரீஷ் எரிச்சலோடு ஏறினான். தைலம், நுரை, மாத்திரை என்று தேய்த்தும் விழுங்கியும் அலுத்துவிட்டது. நாற்பது வயதுக்குள் உச்சி வழுக்கை. வங்கியில் நேற்று சேர்ந்தவர்கள்கூட 'காக்கு' என்று கூப்பிட்டு அவனைச் சித்தப்பா ஆக்கிவிட்டார்கள்.

டாக்டர் ரஞ்சன் அவன் பின்மண்டையிலிருந்து துளித் தோல் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, உச்சியில் ஊசி போட்டார்.

"எல்லாம் உங்கள் சொந்த செல்கள்தான்," என்றார் ஆங்கிலத்தில்.

மாதங்கள் போயின. பூனைமயிர்கூட வரவில்லை. கண்ணாடி முன்னால் பல்லைக் கடிப்பதே கிரீஷுக்கு வேலையாயிற்று.

பூஜை விடுமுறைக்குச் சற்று முன், முளைத்தது.

அவனுடையது சுருட்டை முடி. இதுவோ நேராக, வழவழவென்று இறங்கி ஒரே வாரத்தில் தோளைத் தொட்டது. எத்தனை ஷாம்பூ போட்டாலும் செம்பருத்தி எண்ணெய் மணத்தது. வெட்டினால், விடிவதற்குள் அதே நீளம்.

"யாரு நடுவகிடு எடுத்து வாரிவிட்டா?" என்றாள் மனைவி ஹம்சினி.

"நான் சீப்பையே தொடலை!" என்று சீறினான்.

அன்று ஆபீஸ் நாற்காலியில் இருக்கும்போது சீப்பின் பற்கள் மண்டையில் மெதுவாக இறங்கின.

திரும்பினான்.

பின்னால் வெறும் சுவர்.

கிளினிக்குக்கு ஓடினான். முடியைத் தொட்ட ரஞ்சன், சுட்டாற்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"யார் முடி இது?" என்று கத்தினான் கிரீஷ்.

"உங்களுடையதுதான்," என்று முணுமுணுத்தார். அவர் கண்கள் கிரீஷின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

வருஷக்கணக்காக ஏங்கி, கடைசியில் வந்தது இதுவா! அழுகையும் ஆத்திரமுமாக லேக் மார்க்கெட் சலூனில் போய் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டான். வீட்டில் மின்விசிறிக் காற்று உச்சியில் பட்டதும் கண்ணை மூடினான். அப்பாடா.

ஹம்சினி காபியோடு வந்து நின்றாள்.

"ஏன் தலையை இப்படிப் பின்னால சாய்ச்சுக்கறே?"

"நான் சாய்க்கலை, ஹம்சினி."

அவன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மழமழவென்ற அந்த மொட்டைத் தலை, யாரோ நிதானமாகப் பின்னல் போடுவதுபோல், இடமும் வலமுமாக இழுபட்டது.