முத்தம்மா அக்காவின் இடுப்பில் ஒரு பீப்

முத்தம்மா அக்காவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. சிம்பாங் பூலாய் சந்திப்பில் நின்று "சூடான வடை!" என்று கூவினால், கேமரன் மலைக்குப் போகிற கார்கள்கூட ஒரு நிமிடம் யோசிக்கும்.

அப்படிப்பட்டவர் அன்று காலை ஈப்போ நீதிமன்ற வாசலில் பூனைக்குட்டி மாதிரி நின்றார்.

நான் துணைக்குத்தான் போனேன். வேடிக்கை பார்க்கப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விஷயம் இதுதான். எங்கள் தெரு சுரேன், மோட்டார் சைக்கிளில் போய்ப் பொட்டலங்கள் கொடுக்கிறவன். அந்தச் சந்திப்பில் ஒரு லாரி அவனை இடித்துத் தள்ளிவிட்டது. லாரிக்காரரோ, சுரேன்தான் சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்தான் என்கிறார். அவன் பச்சை விளக்கில் வந்ததைப் பார்த்தது முத்தம்மா அக்கா ஒருவர்தான். அவர் உள்ளே போய்ச் சொல்லாவிட்டால் சுரேனின் லைசென்ஸ் போய்விடும். கூடவே வேலையும் போய்விடும்.

பயத்தில் அவர் பிடித்திருந்தது பக்கத்து வீட்டு ஷர்மினியின் கையை. பள்ளி விடுமுறை. ஷர்மினிக்குப் பத்து வயது. ஆனால் முத்தம்மா அக்காதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வாசலில் காவலுக்கு நின்றது யார் தெரியுமா? ஷர்மினியின் அம்மா நவமணி! தெருவில் கறிவேப்பிலை கேட்டு வருகிற அதே நவமணிதான். சீருடை போட்டதும் முகத்துக்கும் இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிட்டது.

"பையை இங்க வைங்க. கைப்பேசியை அணைச்சிடுங்க. ஒவ்வொருத்தரா இந்தக் கதவு வழியா வாங்க."

"நவமணி, நான்தான்லா!" என்றார் முத்தம்மா அக்கா.

"தெரியும்க்கா. வாங்க."

முத்தம்மா அக்கா சோதனைக் கதவுக்குள் கால் வைத்தார்.

பீப்!

தாலிக்கொடியில் தொங்கிய ஊக்குகளைக் கழற்றித் தட்டில் போட்டார். சேலையில் குத்தியிருந்ததையும் போட்டார். ஒரு தையல் கடையே நடத்தலாம், அத்தனை ஊக்கு.

பீப்!

"செப்பாட்லா, மாக்சிக்!" என்று பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரர் அவசரப்படுத்தினார்.

"அக்கா, இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நவமணி.

முத்தம்மா அக்கா இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. நான் வீட்டுக்குப் போறேன்" என்று திரும்பி நடந்தார்.

எனக்கோ அது என்னவென்று தெரியாமல் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் ஓடியது ஷர்மினி.

"பெரியம்மா, என் காதுல மட்டும் சொல்லுங்க."

முத்தம்மா அக்கா குனிந்து கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசு எனக்கும் நன்றாகவே கேட்டது.

"பாக்குவெட்டிடி."

"எதுக்கு?"

"கைக்குழந்தை பயப்படக்கூடாதுன்னு தலையணைக்கு அடியில இரும்பு வைப்போம்ல? எனக்கும் பயமா இருக்கு. அதான் இடுப்புல சொருகிக்கிட்டேன். இத்தனை பேர் முன்னால எடுத்தா சிரிப்பாங்கடி."

ஷர்மினி சிரிக்கவில்லை. நேராக அம்மாவிடம் போனாள்.

"அம்மா, கொஞ்சம் மறைவான இடம் இருக்கா?"

நவமணி ஒரு கணம் மகளைப் பார்த்தார். இன்னொரு காவலரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, இருவரையும் ஓரமாக இருந்த திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். நானும் திரை ஓரமாக ஒதுங்கினேன். அங்கே காற்று நன்றாக வந்தது.

"அக்கா, இது கூர்மையா இருக்கு. உள்ள கொண்டுபோக முடியாது" என்றார் நவமணி.

"நான் யாரை வெட்டப் போறேன்?"

"நீங்க வெட்டமாட்டீங்க. ஆனா உள்ள கோபமா வர்றவங்களும் இருப்பாங்க. யார் கையிலயும் எதுவும் இல்லைன்னாதான் எல்லாரும் பயமில்லாம பேச முடியும். அந்த லாரிக்காரரையும் இப்படித்தான் சோதிச்சு அனுப்பினேன்."

"அப்ப இந்தப் பிள்ளையை என்கூட அனுப்பு."

"சின்னப் பிள்ளைங்களை விசாரணை நடக்கிற அறைக்குள்ள விடமாட்டாங்கக்கா."

முத்தம்மா அக்காவின் கண் கலங்கியது. "இரும்பு இல்லாம எனக்கு வாயே வராதுலா. பாவம் சுரேன்..."

நவமணி பாக்குவெட்டியை ஒரு சின்ன லாக்கரில் வைத்துப் பூட்டினார். சாவியை நீட்டினார்.

ஷர்மினி அந்தச் சாவியையே பார்த்தாள். "அம்மா, இதை உள்ள கொண்டுபோகலாமா?"

"சாவிதானே? தாராளமா."

ஷர்மினி சாவியை முத்தம்மா அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பெரியம்மா, சாவியும் இரும்புதான். கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

முத்தம்மா அக்கா கையைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். "ஆமாடி!"

சாவியைத் தட்டில் போட்டுவிட்டுக் கதவுக்குள் நடந்தார். கதவு வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் போனதும் பாய்ந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

ஷர்மினி வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போனேன். யாராவது ஒருவர் பார்த்து வந்து அவளிடம் சொல்ல வேண்டாமா?

மாஜிஸ்திரேட்டைப் பார்த்ததும் முத்தம்மா அக்காவுக்கு முதலில் காற்றுதான் வந்தது. சுரேன் கண்ணை மூடிக்கொண்டான். முத்தம்மா அக்கா சாவியை ஒருமுறை அழுத்தினார்.

"பச்சை விளக்குங்கய்யா! பச்சைதான்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

மாஜிஸ்திரேட்டின் பேனா கீழே விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் காதைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாம்மா" என்றார். வெளியே இருந்த ஷர்மினிக்கு நான் போய்ச் சொல்ல எதுவுமே மிச்சமில்லை. அவளுக்கே எல்லாம் கேட்டுவிட்டது.

சுரேன் மீது தப்பில்லை என்று தீர்ப்பானது. அவன் எங்கள் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு இரண்டு.

வீட்டுக்கு வந்து வெற்றிலை போட உட்கார்ந்தபோதுதான் முத்தம்மா அக்கா பாக்குவெட்டியைத் தேடினார். கையில் சாவி இருந்தது. பாக்குவெட்டி ஈப்போவில் இருந்தது.

மறுநாள் காலை ஷர்மினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு கையில் சாவி, மறுகையில் காவலர்களுக்கு வடைப் பை. இந்தத் தடவை அவர்தான் முன்னால் நடந்தார். நானும் போனேன். வடை கனமாக இருக்குமே!

சாவியைத் தட்டில் போட்டுவிட்டு, கதவுக்குள் கம்பீரமாகக் கால் வைத்தார்.

பீப்!

நவமணி தன் இடுப்பில் கை வைத்தபடி அவரைப் பார்த்தார். "அக்கா, மறுபடியும் பயமா?"

"பயமாவது ஒண்ணாவது!" என்ற முத்தம்மா அக்கா, எல்லோருக்கும் தெரிய இடுப்பிலிருந்து ஒன்றை உருவினார். "இது வடை எடுக்கிற இடுக்கிலா!"

ஷர்மினி சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். நவமணி இடுக்கியை லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

"இந்தத் தடவை சாவி என்கிட்டயே இருக்கட்டும்க்கா."