திரும்பிப் பார்க்காத பொடி

மேட்டுப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஒரே அறைதான். ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டு வகுப்பும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மனசுக்குள் படிக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு ஏழாம் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. அவளை எல்லோரும் ஊமைக்கோட்டான் என்பார்கள். சுருக்கமாகக் கோட்டான். அவளுக்குப் பேச வராமல் இல்லை. எதைச் சொல்லலாம் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். அதனால் வருகை எடுக்கும்போதுகூடக் கையைத்தான் தூக்குவாள்.

ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். ஓடும்போது யாரும் பேசச் சொல்வதில்லை.

அந்த வருடம் விளையாட்டு டீச்சர் ஒரு யோசனையோடு வந்தார். சுற்று வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"தொடர் ஓட்டத்துக்கு நாலு பேர் வேணும். உங்க பள்ளியில ஓடத் தெரிஞ்சது ரெண்டு பேர். கரைப் பள்ளியில ரெண்டு பேர். ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணு. நம்பலைன்னா கணக்கு டீச்சரைக் கேட்டுப் பாருங்க" என்றார்.

மேட்டுப் பள்ளியின் இரண்டு பேர், கோட்டானும் அவள் வகுப்புத் தகரடப்பாவும். அவன் தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவான் என்று அவன் அம்மாவே சொல்லுவார். கரைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் அக்காவும் தம்பியும். எட்டாம் வகுப்பு நெட்டை, ஆறாம் வகுப்புப் பொடி.

முதலில் தகரடப்பா ஓடுவான். கட்டையைக் கோட்டானிடம் கொடுப்பான். அவள் பொடியிடம் கொடுப்பாள். அவன் நெட்டையிடம் கொடுப்பான். கட்டை என்றால், பழைய துடைப்பத்தின் கைப்பிடியை அறுத்துச் சிவப்பு டேப் சுற்றியது.

முதல் நாள் மேட்டுப் பள்ளி மணலில் ஓடினார்கள். கோட்டான் பொடியை நெருங்கிவிட்டாள். பொடி நகரவே இல்லை. அவன் நகர ஆரம்பித்தபோது அவள் அவன் முதுகில் மோதியிருந்தாள். கட்டை மணலில் கிடந்தது.

"அவ வர்றதைத் திரும்பிப் பாருடா!" என்று டீச்சர் கத்தினார்.

அடுத்த முறை பொடி திரும்பினான். பாதி திரும்பியதும் கால் பின்னிக்கொண்டு அவனே விழுந்தான்.

"கையில எண்ணெய் தடவிக்கிட்டு வந்தியா?" என்றான் தகரடப்பா.

"என் தம்பியைச் சொல்லாதே. உங்க கோட்டானுக்குக் கொடுக்கத் தெரியல" என்றாள் நெட்டை.

"வாங்கத் தெரியாதவனுக்கு எப்படிக் கொடுக்கிறதாம்?"

கோட்டான் கட்டையை எடுத்து மணலைத் தட்டினாள். அன்று எத்தனை முறை ஓடியும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அது விழுந்துகொண்டே இருந்தது.

"வெள்ளிக்கிழமை பெரிய பள்ளி மைதானத்துல ஓடிப் பார்ப்போம். போட்டியும் அங்கதான். அன்னைக்கும் விழுந்துச்சுன்னா பேர் கொடுக்க மாட்டேன். ஊரே பார்க்கும்போது உங்களை விழ வைக்க எனக்கு மனசு வராது" என்றார் டீச்சர்.

நெட்டை கீழே பார்த்தாள். "டீச்சர், நான் எட்டாவது. எனக்கு இதுதான் கடைசி வருஷம்."

டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மறுநாள் பயிற்சி கரைப் பள்ளியில். பெயருக்கேற்றபடி அது ஏரிக்கரை மேல் இருந்தது. மைதானம் கிடையாது. கரை மேலிருந்த சரளைப் பாதையில்தான் ஓட வேண்டும். ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் தண்ணீர்.

அங்கே கட்டை விழவில்லை. ஒரு முறைகூட விழவில்லை.

"உங்க ஊர் காத்துல என்னமோ இருக்கு. ஒரு பாட்டில்ல புடிச்சுட்டுப் போகலாமா?" என்றான் தகரடப்பா.

நெட்டைக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டான் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் தனக்குப் பதில் நெட்டையை ஓடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பாதையோரம் உட்கார்ந்து பார்த்தாள்.

சரக், சரக் என்று சரளையில் நெட்டையின் கால்கள் வந்தன. பொடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சத்தம் நெருங்கியதும் கிளம்பினான். பின்னால் நீட்டிய கையில் கட்டை வந்து உட்கார்ந்தது.

பயிற்சி முடிந்ததும் கோட்டான் போய்ப் பொடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒரு கொக்கு பறந்து வந்து மீனுக்காகக் காத்திருந்து, சலித்துப்போய் எழுந்தும் போய்விட்டது.

பொடியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "என்ன கோட்டானக்கா?"

"நீ காதாலதான் பார்க்கிற."

பொடி திடுக்கிட்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"இங்க ஓடும்போது திரும்பிப் பார்த்தா தண்ணிக்குள்ளதான். போன வருஷம் விழுந்துட்டேன். அக்காதான் முடியைப் புடிச்சு இழுத்தா. அதுக்கப்புறம் திரும்பணும்னு நினைச்சாலே காலு பின்னுது. உங்க மணல்ல காலடி கேட்கவே மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதே. பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்க."

"நான் யார்கிட்ட எதைச் சொல்லியிருக்கேன்?"

பொடி சிரித்துவிட்டான்.

அவள் சிரித்தாலும் மனசு வேறிடத்தில் இருந்தது. பெரிய பள்ளி மைதானம் முழுக்கப் புல். மணலைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தகரடப்பாவிடம் கையை நீட்டினாள். "உன் பென்சில் டப்பா."

"எதுக்கு?"

"வேணும்."

அதில் சரளைக் கற்களைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றாள். நடந்தாலே கடகடவென்றது.

"மாடு எதுவும் அவுத்துக்கிட்டு வந்துருச்சோன்னு பார்த்தேன்" என்றார் டீச்சர். "கழட்டு, கழட்டு. போட்டியில இதெல்லாம் ஆகாது."

கோட்டான் கழற்றினாள். எதற்காகக் கட்டினாய் என்று டீச்சர் கேட்டார். அவள் பொடியைப் பார்த்தாள். பொடியின் முகம் வெளுத்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனாள்.

டீச்சர் விசில் ஊதினார். தகரடப்பா, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்து கட்டையைக் கொடுத்தான்.

கோட்டான் ஓடினாள். புல் அவள் காலடியை விழுங்கியது. தூரத்தில் பொடியின் முதுகு தெரிந்தது. தலை சாய்ந்திருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவள் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டையில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. பொடியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பொடீ! ஓடு!"

மதில் மேலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. பெரிய பள்ளி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பொடி அம்பாகக் கிளம்பினான். கை பின்னால் நீண்டது.

"இந்தா!"

கட்டை அவன் கைக்குள் போனது. பொடி திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் ஓடினான். நெட்டை நீளக் கால்களால் மிச்ச தூரத்தைத் தாண்டி, கோட்டுக்கு அப்பாலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேனாவைத் திறந்து நான்கு பேர் பெயரையும் எழுதினார். தகரடப்பா கோட்டானைப் பார்த்தான். வாய் திறந்தே இருந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை.

பொடி மூச்சு வாங்க ஓடி வந்தான். ஒரு காதைத் தேய்த்துக்கொண்டான். "அக்கா, இன்னும் ங்ஙொய்ன்னு கேட்குது."

"அடுத்த தடவை மெதுவா கத்தவா?"

"ஐயோ, வேணாம்! இதே மாதிரி கத்து."

திங்கட்கிழமை மேட்டுப் பள்ளியில் வருகை எடுத்தார்கள். கோட்டான் வழக்கம்போலக் கையைத் தூக்கினாள்.

"கை போதாது" என்றார் வகுப்பு டீச்சர். "உன் குரல் பெரிய பள்ளி ஹெட்மாஸ்டர் அறை வரைக்கும் கேட்டுச்சாமே? அதை எங்க வெச்சுட்டு வந்தே?"

கோட்டான் கொஞ்ச நேரம் யோசித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இங்கதான் இருக்கு, டீச்சர்" என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.