உயிரோடு இருக்கக் கூடாத நோயாளி

காலை 9.40. மருந்தைக் காணோம். காலிக் குப்பிகள் இரண்டும் தட்டில் பத்திரமாக இருந்தன. உள்ளே இருந்தது மட்டும் நோயாளியின் உடம்பில் இல்லை என்றது லேப் ரிப்போர்ட்.

நோயாளி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிறவியிலேயே ஹீமோபிலியா, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு அவருக்குக் கிடையாது. ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பதினோரு மணிக்கு முழங்கால் ஆபரேஷன். எட்டு மணிக்கு நர்ஸ் மருந்தை ஏற்றினாள், எட்டரைக்கு ரத்தம் எடுத்தார்கள். அளவு நூறு சதவீதத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆறு.

பெரிய டாக்டருக்கு முடிவுகட்ட ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

"மருந்தைச் சுருட்டிட்டுத் தண்ணியை ஏத்தியிருக்கா. போலீசைக் கூப்பிடுங்க."

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஏழே மாசம். அவள் வாயைத் திறக்குமுன் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

9.55. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் லேப் அக்கா. ஐம்பது வயது, மூக்குக்கு மேல் கோபம், பட்டப்பெயர் 'மோப்பம்'. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"என்ன யோசனை?" என்றார் டாக்டர்.

"உறையுற நேரம் பார்க்க ரெண்டு டெஸ்ட் சார். ஹீமோபிலியாவில ஒண்ணுதான் நேரம் இழுக்கும், இன்னொண்ணு சரியா இருக்கும். இங்க ரெண்டுமே இழுத்திருக்கு. தண்ணி ஏத்தினா ரெண்டாவது எதுக்குக் கெடணும்?"

"கல்லீரல்ல கோளாறு இருக்கலாம்."

"போன வாரம்தான் பார்த்தோம். ஒரு குறையும் இல்ல."

10.05. அக்கா வார்டுக்குப் போனபோது வாத்தியார் நோட்டீஸ் போர்டில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்து போட்டதைப் பார்த்தீங்களா சார்?"

"முப்பது வருஷமா ஊசியோட குடித்தனம் பண்றேன்மா. பவுடரைக் கரைச்சது என் கண்ணு முன்னால. அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க."

"ரத்தம் எடுத்தப்போ?"

"நரம்பு சரியாக் கிடைக்கல, சொட்டுச் சொட்டா வந்தது. ரத்தம் எடுத்தவர் நல்ல மனுஷன், ஒரே குத்தோட விட்டுட்டார்."

10.15. லேப் ஸ்டாண்டில் வாத்தியாரின் குழாய்கள் இரண்டு. நீல மூடி உறைதல் டெஸ்டுக்கு. கோடு வரை கன கச்சிதமாக நிரம்பியிருந்தது. ஊதா மூடி ரத்த அணுக்களை எண்ண; அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. சொட்டுச் சொட்டாக வந்த ரத்தம் நீலத்தில் மட்டும் எப்படி இவ்வளவு தாராளம் காட்டியது? அக்கா நீலக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, யாரும் கேட்காத ஒரு டெஸ்டைப் போட்டாள். பொட்டாசியம். மெஷின் கூச்சல் போட்டது.

"பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருந்தா இவர் இதயம் எப்பவோ நின்னிருக்கணும்," என்றாள்.

10.25. ரத்தம் எடுத்தவரை வரவழைத்தாள். டாக்டரும் வந்து நின்றார்.

"அண்ணே, நீலக் குழாய் நிரம்பிச்சா?"

"நிரம்பிச்சும்மா."

"எதிலேர்ந்து?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கோட்டுக்குக் கீழ இருந்தா நீ திருப்பி அனுப்புவே. ஹீமோபிலியாக்காரரை மறுபடி குத்த மனசு வரல. ஒரே ஆளோட ரத்தம்தானேன்னு ஊதாவிலேர்ந்து ஊத்திட்டேன்."

அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ரத்தம் ஒண்ணுதான் சார், குழாய் வேற. ஊதாவில ரத்தம் கட்டாம இருக்க ஒரு பொட்டாசிய உப்பு போட்டு வர்றாங்க. நீலத்துக்குள்ள அது போனா ரெண்டு டெஸ்டும் இழுக்கும், ஃபேக்டர் எட்டும் இல்லாத மாதிரி காட்டும். மருந்து வாத்தியார் உடம்புலதான் இருக்கு. உப்பு அதை மறைச்சிருச்சு."

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். 11.05க்கு விடை வந்தது. தொண்ணூற்றொன்று.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "ஆபரேஷனுக்குத் தயார் பண்ணுங்க" என்றார்.

"பண்ணலாம் சார். அந்தப் பொண்ணுகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டாக்டர் வெளியே போனார். நர்ஸ் இன்னும் சுவரோரமாக நின்றிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மருந்து போட்டீங்களாம்மா?"

"போட்டேன் சார்," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.