காக்கா மெஸ் இனிமேல் படமாக வரும்

மாலை ஏழே கால் ஆனதும் மிதவூரில் நாற்பதாயிரம் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிரசவ வலியில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் மட்டும்தான் விலக்கு. மற்றவர்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, இமையை இறக்கிப் பதினொரு நிமிடம் அசையாமல் இருப்பார்கள். நடுநடுவே ஊர் முழுவதும் ஒரே நொடியில் சிரிக்கும். பூமியிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் இதைப் பார்த்து மிரண்டு போவார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மிதவூர், வெள்ளிக் கிரகத்தின் தரையிலிருந்து ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில், அமில மேகங்களுக்கு நடுவே மிதக்கிற ஊர். தரைக்குப் போனால் ஈயம் உருகும். இந்த உயரத்தில் ஈரோட்டுச் சித்திரை மாதம்போல் கொஞ்சம் புழுக்கம், அவ்வளவுதான். நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றே அங்கே இலேசான வாயு என்பதால், ஒரு மாபெரும் துணிப்பைக்குள் காற்றை நிரப்பி, அந்தக் காற்றுக்குள்ளேயே ஊரைக் கட்டியிருந்தார்கள். பையைத் தைக்க நூறு ஆண்டுகளுக்கு முன் திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை. தினமும் எங்காவது ஒரு தையல் பிரிந்துகொண்டே இருந்தது.

ருக்குமணி அந்தத் தையல்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். கணவர் சென்னியப்பன் காற்றழுத்தப் பிரிவில் வால்வுகளைப் பார்த்துக்கொண்டார். ஒரே மகள் வேறொரு மிதவையில் விடுதியில் தங்கிப் படித்தாள். சென்னியப்பன் நல்ல மனிதர். கையிருப்புக் காற்றைச் செலவழிக்கக் கூடாது என்பதுபோல வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. சாப்பிடும்போது "சோறு" என்பார், சாப்பிட்டதும் "போதும்" என்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் இதற்கு மேல் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ஏழே காலுக்கு இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். இமைக்குப் பின்னால் பதித்திருக்கும் கடுகளவு விழிமணி மினுங்கி, 'காக்கா மெஸ்' தொடங்கும். அது ஒரு சித்திரச் சிரிப்புத் தொடர். காக்கா ஒன்று மெஸ் நடத்துகிறது. நண்டுதான் சமையல் மாஸ்டர். ருசி மட்டும் பார்க்கத் தினமும் ஒரு பூனை வந்து நிற்கிறது. பதினெட்டு வருடமாக இவ்வளவுதான் கதை. ருக்குமணி சிரிக்கும் அதே நொடியில் பக்கத்தில் சென்னியப்பனின் தோளும் குலுங்கும். அந்தக் குலுக்கத்துக்காகவே அவள் நாள் முழுவதும் காத்திருந்தாள். வாயால் பேசாவிட்டால் என்ன, ஒரே விஷயத்துக்குச் சிரிக்கிறோமே, இதைவிட மனம் ஒத்த தம்பதி இந்த மேகமண்டலத்தில் உண்டா என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையில்தான் சிரிப்பாலை கை வைத்தது. நூற்பாலையில் நூல் நூற்பதுபோல அங்கே சிரிப்பு நூற்றதால் தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோருடைய விழிமணியிலும் ஓர் அறிவிப்பு வந்தது. தொடர் இந்த மாதத்தோடு முடிகிறது. காக்கா மெஸ் இனிமேல் படமாக வரும். ஆண்டுக்கு ஒரு படம், இரண்டு மணி பத்து நிமிடம். தையற்கூடத்தில் திரை கட்டிக் காட்டுவார்கள், எல்லோரும் கண்ணைத் திறந்தபடியே சேர்ந்து பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. படம் இழுவையாக இருக்கிறது என்று, எழுதவே தொடங்காத கதையைப் பற்றி நானூறு பேர் எழுதினார்கள். அவர்களுக்கு ரசனை கிடையாது என்று ஐந்நூறு பேர் எழுதினார்கள். அறிவிப்பில் இருந்த பூனையின் வால் அரை அங்குலம் குட்டை என்று ஒருவர் அளந்து காட்டினார். 'எங்கள் இளமைக்காலத்தைக் கொன்றுவிட்டார்கள்' என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கண்டன அறிக்கை வெளியிட்டார்கள்.

ருக்குமணி 'பதினொரு நிமிடப் பாதுகாப்புக் குழு'வின் தலைவியானாள். அதுவரை கூட்டத்தில் எழுந்து பேசியறியாதவள், சிற்றுண்டிச்சாலை மேசைமேல் ஏறி நின்று பேசினாள். சிற்றுண்டிச்சாலையை நடத்தும் நாட்ராயன் செயலாளர். அவர் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. காக்காவுக்காகப் போராடுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பதினொரு நிமிடமும் போய்விட்டால் வீட்டில் 'சோறு' என்பதற்கும் 'போதும்' என்பதற்கும் நடுவே என்ன மிஞ்சும் என்ற பயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எதிர் அணியும் மனு போட்டது. அதை வாங்கிப் புரட்டியவள் பன்னிரண்டாவது பெயரில் நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கணவர் முன்னால் அந்தத் தாளை வைத்தாள்.

"ஏனுங்க, இது உங்க பேருதானுங்களா?"

"ஆமா."

"படம் வரோணும்னு கையெழுத்துப் போட்டிருக்கறீங்க."

"ம்."

"எதுக்குங்க?"

சென்னியப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். "வரட்டுமே அம்மிணி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ருக்குமணி மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போராட்டத்தைச் சிரிப்பாலை கண்டுகொள்ளவில்லை. படம் வெளியான அன்று, வேண்டாம் என்று கத்தியவர்களே முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். ருக்குமணி கறுப்புப் பட்டை அணிந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. காக்கா வந்தது, நண்டு வந்தது, பூனை வந்து வாயைத் திறந்து பேசியது. யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒருவர் மட்டும் சிரித்தார், அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் பாவனை செய்தார். இரண்டு மணி பத்து நிமிடமும் அப்படியே போயிற்று.

விளக்கு வந்ததும் நாட்ராயன் எழுந்தார். "பதினெட்டு வருசம் பேசாத பூனையைப் பேச வெச்சுட்டாங்களே, இது நியாயமுங்களா?"

"பேசாத பூனையா?" என்றது பின்வரிசை. "அது என்னைக்குங்க வாயை மூடுச்சு?"

"அதை விடுங்க, காக்காவோட சம்சாரத்தை ஏன் காணோம்?"

"காக்காவுக்கு ஏதுங்க சம்சாரம்? அது சாமியாரல்லங்களா?"

"நண்டைக் காட்டறாங்களே, எங்க வூட்ல அது தவளைங்க" என்றாள் ஒரு பெண், அழுகிற குரலில்.

ஐந்து நிமிடத்தில் கூடத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் போயிற்று. சிரிப்பாலையின் மக்கள் தொடர்பு அலுவலர் கோகிலவாணி மேடையேறினாள். "நீங்க எல்லாருமே சரியாத்தான் சொல்றீங்க" என்றாள் பணிவாக. "தொடர் ஆளுக்கொண்ணுங்க. உங்க மனசு எதுக்கு ஏங்குது, எதுக்குச் சிரிக்குதுன்னு விழிமணி பார்த்துப் பார்த்து, அவங்கவங்களுக்குத் தனித்தனியாக் கதை பண்ணிக் குடுத்தோம். ஒப்புதல் படிவத்துல நூத்தி நாப்பதாம் பக்கத்துல இருக்குதுங்க."

அந்தப் பக்கத்தைப் படித்தவர் யாரென்று அவள் கேட்கவில்லை. அது அவளுடைய பண்பு.

"பொறவு எப்படிங்க எல்லாரும் ஒண்ணாச் சிரிச்சோம்?" என்றார் நாட்ராயன்.

"சிரிப்பு வர்ற நேரத்தை மட்டும் பொதுவா வெச்சுட்டோமுங்க. பக்கத்துல ஆள் சிரிச்சாத்தானுங்க நமக்கும் சிரிப்பு நல்லா வரும். தினமும் நாப்பதாயிரம் கதை பண்ணிக் கணிப்பொறியெல்லாம் கொதிக்குது, இந்தப் புழுக்கத்துல அதைக் குளிர வெக்க முடியறதில்லை. அதான் எல்லாருக்கும் ஒரே படம்னு முடிவு பண்ணுனோம்."

பதினெட்டு வருடம் இது எப்படி வெளியே தெரியாமல் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். 'நேத்துப் பார்த்தீங்களா?' என்று ஒருவர் கேட்பார், 'வயிறு வலிச்சுப்போச்சு' என்று மற்றவர் சொல்வார், பேச்சு அதோடு முடிந்துவிடும். எல்லோரும் பார்த்ததை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. தெரியாத காட்சி ஒன்றை யாராவது குறிப்பிட்டால், எங்கே தன்னை உண்மையான ரசிகர் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்டவர் கூடவே சிரித்துவைப்பார்.

நாட்ராயன் அங்கேயே மனுவைத் திருத்தினார். படமாகவே இருக்கட்டும், ஆனால் ஆளுக்கொரு படமாக வேண்டும். இரண்டு அணிகளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து கைதட்டின. முதல் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தபடியால் ருக்குமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் பின்னாலேயே வந்தார். நடைபாலத்தில் இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். ருக்குமணிக்கு அழுகை முட்டியது. இவ்வளவு காலம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, யாரோ ஒரு அந்நியரோடு சிரித்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"பதினெட்டு வருசமா எதைப் பார்த்துங்க சிரிச்சீங்க?" என்றாள் கடைசியில்.

சென்னியப்பன் நடையைத் தளர்த்தினார். "நான் பார்த்த கதையில என்ற காக்காவுக்குச் சம்சாரம் உண்டு அம்மிணி. தையல் இலையை ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து, இது பிரிஞ்சிருக்குது, அது பிரிஞ்சிருக்குதுன்னு திருப்பிக் குடுத்துரும். சாப்பிட வந்தவன் சோறு கையில, இலை இல்லாம நிப்பான்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒருக்கா அதைச் சொல்லி உன்னைக் கிண்டல் பண்ணுனேன். நீ ஒண்ணும் விளங்காம முழிச்சே. நாம பார்க்கறது வேற வேறயோன்னு அன்னைக்கே சந்தேகமுங்க எனக்கு. அதான், ஒரே ஒருக்காவாவது ரெண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கோணும்னு கையெழுத்துப் போட்டேன்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. மனைவிக்கே 'ங்க' போட்டுவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பத்தடி நடந்த பிறகுதான் இலைக் கிண்டல் தன்னைப் பற்றியது என்று உறைத்து ருக்குமணி சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"உன்றது என்ன?" என்றார்.

"என்ற பூனை பேசாதுங்க. கடையைச் சாத்துனதும் காக்கா அதுக்கு எதிரே உக்காந்து, அன்னைக்கு நடந்ததையெல்லாம் ஒண்ணுவிடாமச் சொல்லும்."

"அதுல சிரிக்க என்ன இருக்குது?"

"இருக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் விளக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சென்னியப்பன் பேசாதவரே தவிர, மந்தமானவர் இல்லை. மறுநாள் மாலை சோபாவை விட்டுவிட்டு, அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு மூணாம் வால்வுல ஒரு விசில் சத்தம்" என்று தொடங்கினார்.

ருக்குமணிக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. பறந்துகொண்டுதான் இருந்தாள் என்பது வேறு விஷயம். விசில் சத்தம் எப்படி வந்தது, யார் முதலில் கேட்டார்கள், மேலாளர் என்ன சொன்னார், இவர் மனதுக்குள் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தாள். மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: 'அப்பா பேசுகிறார்.' முதல் வாரம் பத்து நிமிடம் பேசினார். இரண்டாவது வாரம் அரைமணி. பத்தொன்பது வருட அழுத்தம் அல்லவா, திறந்துவிட்டால் சும்மா இருக்குமா? இரண்டாம் மாதத்தில் அவர் ஒவ்வொரு வால்வின் பூர்வீகத்தையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், தான் சன்னல் திரைச்சீலையின் தையல்களை எண்ணிக்கொண்டிருப்பதை ருக்குமணி கவனித்தாள். இருநூற்றுப் பதினான்கு.

அந்த நேரத்தில்தான் போராட்டம் வென்றது. கணிப்பொறிகளை ஊருக்கு மேலே குளிர்ந்த அடுக்கில் கட்டித் தொங்கவிட்டு, சிரிப்பாலை விழிமணியிலேயே ஆளுக்கொரு படம் வெளியிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. மிதவூரில் நாற்பதாயிரம் பேரும் முழு மதிப்பெண் போட்டார்கள். எதிர்த்து எழுத ஒருவர்கூட இல்லை. படம் பிரமாதம்தான், ஆனாலும் முன்பு போட்ட சண்டையில் இருந்த தரம் இதில் இல்லை என்று நாட்ராயன் குறைப்பட்டுக்கொண்டு குழுவைக் கலைத்தார்.

ருக்குமணி பார்க்கவில்லை. 'எனக்கு அது எதுக்கு, என்ற வூட்ல பேச ஆள் இருக்குது' என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். ஒன்பது நாள் வரை சொன்னாள்.

பத்தாம் நாள் சென்னியப்பன் ஏழாம் வால்வின் ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நேற்றும் சொன்ன வளையம். சும்மா எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்று அவள் விழிமணியை மெல்ல உயிர்ப்பித்தாள். கணவரின் முகத்துக்குச் சற்று இடப்பக்கமாகப் படம் விரிந்தது. மெஸ்ஸின் கதவு சாத்தியிருந்தது. காக்கா, வாய் பேசாத தன் பூனைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தது. எவ்வளவு அன்பாகப் பேசுகிறது இந்தக் காக்கா, ஒரு மனைவிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று ருக்குமணிக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"கேக்கறயா அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

அவளுக்குக் கொஞ்சம் குற்ற உணர்வாகத்தான் இருந்தது. "கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன், சொல்லுங்க" என்றாள், காக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்தார். ஒரு ரப்பர் வளையத்துக்காக இந்த அளவுக்கு உருகும் மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று அவருக்கும் குரல் தழுதழுத்தது. நாற்காலியை இன்னும் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டாம் வால்வுக்குப் போனார்.